கசாக் புல்வெளியில் த்ரீ பேஸ் கரண்ட்

கசாக்கிஸ்தானை நான் பார்த்ததில்லை. விமானத்தில் ஏறியதுகூட இல்லை. அன்னவாசலுக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்வருவதுதான் என் வாழ்நாளின் பெரிய பிரயாணம். ஆனாலும் தற்காலக் கசாக் உரைநடையில் மறைஞானமும் அறிவியல் புனைவும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று முந்நூறு பக்கம் எழுதியவள் நான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

எல்லாவற்றுக்கும் என் வாய்க்கொழுப்புதான் காரணம். தமிழ்த் துறையில் கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் ஓட்டியாகிவிட்டது. முனைவர் பட்டம் இல்லாமல் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வாசலைக்கூட மிதிக்க முடியாது. எனவே நாற்பது வயதுக்கு மேல் ஆய்வுக்குப் பதிவு செய்தேன். தலைப்பு கேட்டு நெறியாளர் முன்னால் போய் நின்றேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு என்றேன். "அதெல்லாம் செஞ்சாச்சும்மா" என்றார். சித்தன்னவாசல் ஓவியம் என்றேன். "அதுவும் செஞ்சாச்சு." சங்க இலக்கியத்தில் பூ, பறவை, மழை, கண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் யாரோ ஒருவர் செய்து முடித்து, பட்டமும் வாங்கி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அப்ப கசாக்கிஸ்தான் ஒண்ணுதான் சார் பாக்கி!"

அந்த நாடு ஏன் வாயில் வந்தது என்றால், பக்கத்துத் தெருப் பெண் அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள். அன்று காலையில்தான் விடுமுறைக்கு வந்தவள் ஒரு சாக்லேட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். நான் நக்கலாகச் சொன்னது நெறியாளருக்கு உறைக்கவே இல்லை. பேனாவைத் திறந்தார். "நல்லா இருக்கே. ஒப்பிலக்கியம். யாரும் தொடல" என்று எழுதிக்கொண்டார். அதோடு தலைப்பு முடிவாகிவிட்டது.

பிறகென்ன, அந்தப் பெண்ணின் காலைப் பிடிக்காத குறைதான். "அத்தை, எனக்கு உடம்புல எத்தன எலும்புன்னுதான் ரஷ்ய மொழியில தெரியும், கதையெல்லாம் தெரியாது" என்று அழுதாள். ஆனாலும் நல்ல பிள்ளை. அங்கே பழைய புத்தகக் கடையில் இரண்டு சிறுகதைத் தொகுப்பு வாங்கினாள். விடுதித் தோழி ஒருத்தி கசாக்குக்காரி. அவளிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கதையாக வாட்சப்பில் குரல் பதிவு அனுப்பினாள். நான் மிளகாய் கிள்ளிக்கொண்டே கேட்டு எழுதினேன்.

கதைகள் என்னமோ பிரமாதம்தான். அந்த ஊரில் ஒவ்வொருவரும் தன் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமாம். ஒரு கதையில் எந்திர மனிதன் ஒருவன் பெண் கேட்டுப் போகிறான். பெண்ணின் அப்பா ஏழு பாட்டன் பெயரைக் கேட்கிறார். அவன் தனக்கு முந்தைய ஏழு மாடல்களின் எண்ணை மரியாதையாக எழுந்து நின்று ஒப்பிக்கிறான். அவர் கண்கலங்கிப் பெண்ணைக் கொடுத்துவிடுகிறார். இன்னொன்றில், ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் ஒரு மகானின் சமாதி முனகுகிறது. இன்னொன்றில், செத்துப்போன மூதாதை டாக்சியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு நகரம் பூராவும் வழி தப்பாகச் சொல்கிறார்.

இவற்றையெல்லாம் நான் முதலில் சொல்லிப் பார்ப்பது என் கொழுந்தனிடம். வேன் ஓட்டுகிறவர். எங்கள் குலசாமி கருப்பருக்கு அவர்தான் சாமியாடி. வருடத்துக்கு ஒருமுறை கருப்பர் அவர்மேல் இறங்கி ஊருக்கெல்லாம் குறி சொல்வார். மற்ற நாளில் அவர் டீசல் விலையைத் திட்டிக்கொண்டிருப்பார். டாக்சிக் கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல என்ன மதினி அதிசயம்? பெரியவர முன் சீட்டுல வச்சது தப்பு. பின்னாடி ஒக்கார வச்சிருந்தா பேசாம வந்திருப்பாரு."

நெறியாளரால் அப்படிச் சும்மா விட முடியவில்லை. அட்டவணை வேண்டும் என்றார். இடப்பக்கம் மறைஞானக் கதைகள் ஆறு, வலப்பக்கம் அறிவியல் புனைவு ஆறு. "அப்பத்தாம்மா ஆய்வு ஆய்வாட்டம் இருக்கும்" என்றார். செத்தவர் டாக்சியில் வந்தால் மறைஞானம், எந்திரம் பெண் கேட்டால் அறிவியல். சமாதி முனகலை எங்கே போடுவது என்று இரண்டு வாரம் சண்டை போட்டு, கடைசியில் இடப்பக்கம் தள்ளினோம். இடப்பக்கம் ஆறு நிறைந்தது. வலப்பக்கம் ஐந்துதான். ஒன்று குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் பெண்ணுக்குக் கடைசித் தேர்வு வந்து தொலைந்தது. "அத்தை, மூணு மாசம் என்ன விட்ருங்க" என்று ஒரு பதிவு போட்டுவிட்டுக் காணாமல் போனாள். எனக்கோ ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு மாதம்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனிக் கொடுக்க மாட்டார்கள்.

பன்னிரண்டாவது கதையை நானே எழுதினேன். ஆமாம், நானேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் குக்கர் ஏழெட்டு விசில் அடித்துப் பருப்பு கூழாகிப்போகும்வரை எழுந்திருக்காமல் எழுதினேன். மூலத்தலைப்பு, ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் போட்டேன். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

கதை இதுதான். பரந்த புல்வெளியில் ஆடு மேய்க்கும் ஒருத்தி. புருஷன் தூர தேசத்துக்கு வேலைக்குப் போய்ச் செத்துப்போனான். ஒருநாள் ராக்கெட்டிலிருந்து கழன்ற தகடு ஒன்று அவள் ஆட்டுப்பட்டியில் விழுகிறது. அதிலிருந்து புருஷன் குரல் வருகிறது. அன்பாக ஒரு வார்த்தை கிடையாது. "பெண்ணே, மோட்டாரை நிறுத்திவிட்டாயா?" என்று மட்டும் கேட்கிறது. "நிறுத்திவிட்டேன்" என்கிறாள். மறுநாளும் கேட்கிறது. நிறுத்திவிட்டேன் என்கிறாள். ராக்கெட்காரர்கள் ஜீப்பில் வந்து தகட்டைத் திருப்பிக் கேட்கும்போது, அண்டாவின் மூடியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். ஒரு மாதம் கழித்து அவர்கள் அறிக்கை எழுதுகிறார்கள்: தகட்டிலிருந்து ஆட்டுக்கறி வாசனை வருகிறது, காரணம் ஆராயப்படுகிறது.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். போன் போட்டால் பிள்ளை குட்டி எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கிற ஆளில்லை. எங்கள் பக்கம் போர்வெல் மோட்டார் ஓடுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும். வந்தவுடன் மோட்டாரைப் போட வேண்டும். தண்ணீர் வற்றுவதற்குள் நிறுத்த வேண்டும். விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிடும்; புதிதாகக் கட்ட வேண்டும். கடல் தாண்டி இருந்த மனுசனுக்கு இந்த ஒரே கவலை. கரண்ட் வரும் நேரத்துக்கு ஒரு போன், "ஏம்புள்ள, மோட்டாரப் போட்டியா?" அப்புறம் ஒரு போன், "ஏம்புள்ள, மோட்டார நிறுத்திட்டியா?" எனக்கு எரிச்சலாக வரும். நீங்க என்ன என்னையக் கட்டிக்கிட்டீகளா, மோட்டாரக் கட்டிக்கிட்டீகளா என்று கேட்டிருக்கிறேன்.

கடைசியாக அவர் பேசியபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்திட்டியா?" என்றார். "நிறுத்திட்டேன், வைங்க" என்று பொய் சொல்லிவிட்டுத் துண்டித்தேன். விடைத்தாளில் மூழ்கிவிட்டேன். அன்று காயில் எரிந்துபோனது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம், நாலு வசவு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்று வேறொருவர் போன் செய்தார். அவரைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கருப்பர் கோயில் படையலின்போது, கொழுந்தன்மேல் அவர் அண்ணன் வந்து ஒரு வார்த்தையாவது சொல்லமாட்டாரா என்று சனம் காத்திருக்கும். கருப்பர் வருவார், காளி வருவாள், கேட்காத சாமியெல்லாம் வரும். அவர் மட்டும் வரவில்லை. "கடல் தாண்டிப் போன உசுரு, வழி தெரியல" என்பார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. உயிரோடு இருந்தபோது தினம் இரண்டு தரம் போன் போட்ட மனுசன்!

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்று பெயர். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். எங்கள் பக்கம் இதைக் கல்யாணமாகவே நடத்திவிடுவது வழக்கம். கொழுந்தன் தன் வேனில் சொந்தக்காரர் பதினெட்டுப் பேரை அடைத்துக் கொண்டுவந்துவிட்டார். தாம்பாளத்தில் பழம், மாலை, பொன்னாடை, நாலு கிலோ மிக்சர். கல்லூரி வாசலில் ஒரு பிளெக்ஸ். ஒரு பக்கம் குதிரைமேல் அரிவாளோடு கருப்பர், மறுபக்கம் ராக்கெட், நடுவில் என் ரேஷன் கார்டுப் போட்டோ. கீழே கொட்டை எழுத்தில்: "கசாக்கிஸ்தானைக் கண்டறிந்த எங்கள் மதினியே வருக!" நெறியாளர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

புறத் தேர்வாளர் வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியாக, சிரிக்காத ஆள். ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்திருந்தார்.

எந்திர மனிதனில் தொடங்கினார். பதில் சொன்னேன். சமாதி முனகல் ஏன் இடப்பக்கம் என்றார். அதற்கும் எதையோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு மூன்றாவது இயலுக்கு வந்தார்.

"உங்க பன்னிரண்டு கதையில ஆகச் சிறந்தது இந்தத் தகட்டுக் கதைதான். நான் ரெண்டு தடவை படிச்சேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. நூற்றி எண்பத்தேழாம் பக்கத்துல அந்த ஆடு மேய்க்கிற பெண், 'த்ரீ பேஸ் கரண்ட் போவதற்குள் மோட்டாரைப் போட வேண்டும்' என்று ஓடுறாங்க. கசாக் புல்வெளியில த்ரீ பேஸ் கரண்ட் நேரம் வச்சா விடுறாங்க?"

ஏழு பாட்டன், குதிரைப் பால், கம்பளிக் கூடாரம் என்று எல்லாம் கவனமாகப் போட்டவள், கரண்டில் கோட்டை விட்டிருக்கிறேன். மோட்டார் என்றால் த்ரீ பேஸ், த்ரீ பேஸ் என்றால் நேரம் வைத்துத்தான் வரும். உலகத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

"அங்கயும் அப்படித்தான் சார்" என்றேன்.

பின்னால் வேன் சனம் உச்சுக்கொட்டியது. "பாவம், அங்கிட்டும் இதே பாடுதானா" என்று என் நாத்தனார் சத்தமாகவே வருத்தப்பட்டாள்.

தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா, இல்லையா, தெரியவில்லை. "அந்தப் பகுதியக் கொஞ்சம் வாசிங்க, அவையும் கேக்கட்டும்" என்றார்.

வாசித்தேன். மைக் வேறு நன்றாக வேலை செய்தது. தகடு விழுகிறது. ஆடுகள் சிதறுகின்றன. அவள் கிட்டே போகிறாள். "பெண்ணே, மோட்டாரை நிறுத்திவிட்டாயா?" என்று நான் வாசித்ததும் பின்வரிசையில் ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது.

கொழுந்தன் எழுந்து நின்றிருந்தார். உடம்பு நடுங்கியது. கருப்பர் வந்தால் துள்ளுவார், உறுமுவார், நாக்கைக் கடிப்பார்; எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இப்போது அது எதுவும் இல்லை. காதில் போனை வைத்திருப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார். சனம் மொத்தமும் எழுந்துவிட்டது. சாமி இறங்கினால் முதலில் யார் என்று கேட்க வேண்டும், அது முறை. இடம் கல்லூரியாக இருந்தால் என்ன?

"வந்திருக்கது யாருங்க?" என்று பதினெட்டுப் பேரும் கேட்டார்கள்.

நெறியாளர் பதறி, "எல்லாரும் வெளிய போங்க, இது தேர்வு!" என்று கத்தினார். தேர்வாளர் கையை உயர்த்தினார். "இருங்க. பொது வாய்மொழித் தேர்வுதான். பார்வையாளர் கேள்வி கேக்கலாம். கேக்கட்டும்" என்றார். வாசகர் எதிர்வினை என்று நான் ஏதோ ஏற்பாடு செய்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

கொழுந்தன் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"ஏம்புள்ள, மோட்டார நிறுத்திட்டியா?"

என் கொழுந்தன் என்னைப் புள்ள என்று கூப்பிட்டதே கிடையாது. மதினி என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வராது. ஆய்வேட்டிலும் நான் 'பெண்ணே' என்றுதான் எழுதியிருந்தேன், இலக்கணமாக. தம்பிக்கு அண்ணன் பேசுகிற விதம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பின்னால் ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தில் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கதையில் வருகிறவள் மாதிரி 'நிறுத்திட்டேன்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பழம், மாலை, பட்டம், நிரந்தர வேலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேல் இருந்தன.

"இல்லங்க" என்றேன். "அன்னிக்கு நிறுத்தலங்க. பொய் சொன்னேன். காயிலு எரிஞ்சுபோச்சுங்க."

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அன்று காலையில் வேன் ஹாரன் அடித்த அவசரத்தில், போட்ட மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "இன்னிக்கும் நிறுத்தலங்க" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. மைக்குக்கு முன்னால் நின்று, படித்த பொம்பளை, கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஓவென்று அழுதேன். என் நாத்தனார் அழுதாள். மிக்சர் பொட்டலத்தைக் கையில் பிடித்திருந்த கிழவர்கூட அழுதார்.

கொழுந்தன் கையைக் காதிலிருந்து எடுத்தார். வசவு வரும் என்று நின்றேன். "சரி விடு, கட்டிக்கலாம்" என்றார். காயிலைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேர்வாளர் எழுந்து நின்றிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். ஒரு பொய் வெளியே வந்தபின் இன்னொன்றை எதற்கு உள்ளே வைத்திருப்பது?

"சார், அந்தக் கதை கசாக் கதை இல்ல. நான் எழுதுனது. பாக்கிப் பதினொண்ணும் அவங்களோடது. இது ஒண்ணு என்னோடது."

நெறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். "ஐயோ, அட்டவணை!" என்று அவர் முனகியது மைக்கில் கேட்டது.

தேர்வாளர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு மூன்றாவது இயலைப் பிரித்து, அந்தப் பக்கங்களைச் சுற்றிச் சிவப்பு மையால் கோடு போட்டார். அந்தக் கதையை நீக்கி, அது தொடர்பான முடிவுகளைத் திருத்தி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகுதான் பட்டத்துக்குப் பரிந்துரை என்றார். திருத்திக் கொடுத்து முடிப்பதற்குள் அந்த வருட நேர்காணல் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இன்னமும் கௌரவமாகத்தான் இருக்கிறேன். அட்டவணையில் வலப்பக்கம் ஐந்துதான். ஆறாவது கட்டம் காலியாகவே அச்சாகியிருக்கிறது.

அன்று கொழுந்தனை வெளியே அழைத்துப் போய்ச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல மதினி. எவனாச்சும் கசாக்குக்காரன் வந்தானா?"

"ஒங்க அண்ணன் வந்தாரு" என்றேன். சோடா பாட்டிலை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கிளம்பும் முன் தேர்வாளர் அறிக்கைப் படிவத்தில் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். அதில் பார்வையாளர் கேட்ட கேள்வி, அதற்கு ஆய்வாளர் சொன்ன பதில், பதில் திருப்தி அளித்ததா என்று மூன்று கட்டம் உண்டு. பல்கலைக்கழகத்துக்குக் காலியாக அனுப்ப முடியாது. அவர் சின்னச் சின்ன எழுத்தில் நிரப்பியிருந்தார்.

கேள்வி: மோட்டாரை நிறுத்திவிட்டாயா?

பதில்: இல்லை.

மூன்றாவது கட்டத்தில், திருப்தி அளித்தது என்று எழுதியிருந்தார்.